நே என்றால் ஏறு

நான் கொரியாவுக்கு இங்கிலீஷ் படிப்பிக்கப் போகிறேன் என்ற செய்தி இலங்கை மலைநாட்டில் எங்கள் நமுனுகுல பக்கம் பரவியதும், பார்க்கிறவர்கள் எல்லாரும் எனக்கு ஒரே பாடத்தைத்தான் நடத்தினார்கள். அங்கேயும் அம்மாவை அம்மா என்றுதான் கூப்பிடுவார்களாம், அப்பாவும் அப்பாதானாம், அதனால் பயப்படாமல் போகலாமாம். பஸ்ஸில் சொன்னார்கள், கோயிலில் சொன்னார்கள், பதுளைக் கடைத்தெருவில் மஸ்கட் அல்வா வாங்கப் போன இடத்தில் கடைக்கார நானாவும் சொன்னார். கொரிய நாடகங்களைப் பார்த்துப் பார்த்து எங்கள் ஊரில் பாதிப்பேர் மொழி வல்லுநர்களாகிவிட்டார்கள். போன இடத்தில் நான் யாரையும் அம்மா என்றோ அப்பா என்றோ கூப்பிட வேண்டி வரவே இல்லை. என் காலை வாரிவிட்ட சொற்கள் வேறு இரண்டு. அவற்றைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை.

எட்டு வருடமாக ஒரு தோட்டப் பாடசாலையில் இங்கிலீஷ் டீச்சராக இருக்கிறேன். பெயர் யோகேஸ்வரி. ஆசிரியர் பரிமாற்றம் என்று ஒரு திட்டம் வந்தது. நேர்முகத் தேர்வில் வாயடித்தே இடம் பிடித்தேன். அதில் ஒரு நிபந்தனை இருந்தது. போய்ச் சேர்ந்த முதல் மாத முடிவில், இந்த டீச்சரால் ஒரு வகுப்பைத் தனியாக நடத்த முடியுமா என்று அந்தப் பள்ளிக்கூடம் எழுதிக் கொடுக்க வேண்டும். முடியும் என்றால் வருடம் முழுக்க எனக்கென்று ஒரு வகுப்பு. இல்லையென்றால் தவணை முடியும்வரை இன்னொருவருக்கு எடுபிடியாக நின்றுவிட்டு ஊர் திரும்ப வேண்டியதுதான். எனக்கு அந்த வகுப்பு வேண்டும். வேறு எதற்கும் நான் அவ்வளவு தூரம் போகவில்லை.

சனிக்கிழமை மாலை போய் இறங்கினேன். தெற்கே ஒரு சின்ன ஊர். அழைத்துப் போக வந்தவர் மிஸ் ஹான், அந்தப் பள்ளிக்கூடத்தின் இங்கிலீஷ் டீச்சர். நாற்பது வயது இருக்கும். நிதானமாக, ஒவ்வொரு சொல்லையும் தட்டிப் பார்த்து வைக்கிற மாதிரி இங்கிலீஷ் பேசினார். குளிருமே என்று கவலைப்பட்டார். அப்புத்தளையில் படித்தவளுக்குக் குளிரைப் பற்றிச் சொல்லித் தருகிறாரே என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். கார் கதவைத் திறந்ததும் அந்தச் சிரிப்பு உதட்டிலேயே உறைந்துவிட்டது. அப்புத்தளைக் குளிர் மேலே ஒரு சுவெட்டர் போட்டால் போய்விடும். இது எலும்பை விசாரிக்கிற குளிர்.

அறைக்குள் போய்ச் செருப்பைக் கழற்றிக் காலை வைத்தேன். தரை சுட்டது. எங்கள் தோட்டத்து லயத்து வீட்டில் தரை சுட்டால் அடுப்பிலிருந்து கங்கு விழுந்திருக்கிறது என்று அர்த்தம். துள்ளிக் குதித்து வெளியே வந்துவிட்டேன். தரைக்கு அடியில் சுடுதண்ணீர் ஓடுகிறது, எல்லா வீடும் அப்படித்தான் என்று மிஸ் ஹான் விளக்கினார். சுகமாகத்தான் இருந்தது. பெட்டியைச் சுவரோரமாக வைத்துவிட்டு, அந்தச் சூட்டில் கால்களை நீட்டித் தூங்கிப்போனேன். காலையில் பார்த்தால், பள்ளிக்கூடத்துப் பிரதி அதிபருக்கு என்று கொண்டுபோன மஸ்கட் உருகி, எண்ணெய் பெட்டிக்குள் இறங்கி, என் இரண்டு சேலைகளுக்கும் ஒரு டவலுக்கும் ஏலக்காய் வாசம் ஏற்றியிருந்தது. ஞாயிறு முழுக்கத் துவைத்தேன்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம். வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றி வீட்டுச் செருப்பு மாட்டிக்கொள்ள வேண்டும். பிரதி அதிபர் ஒல்லியான மனிதர், முகத்தில் அசைவே இல்லை. அங்கே எல்லாவற்றையும் முடிவு செய்கிறவர் அவர்தான். இங்கிலீஷ் தெரியாது. என்னைப் பார்த்துக் கொரிய மொழியில் ஏதோ கேட்டார். மிஸ் ஹான் மொழிபெயர்த்தார்: "வகுப்பைத் தனியாகச் சமாளிப்பீர்களா என்று கேட்கிறார்."

நான் இங்கிலீஷில்தான் பதில் சொல்ல இருந்தேன். ஆனால் பெரிய ஆள் முன்னால் நின்றால் என் வாய் என்னைக் கேட்காமலே திறந்துவிடும். தலையையும் ஆட்டிக்கொண்டு, "ஆமா, ஆமா" என்றேன். பிரதி அதிபர் புருவத்தை உயர்த்தினார். மிஸ் ஹானும் என்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகு இருவரும் தங்களுக்குள் கொஞ்ச நேரம் பேசினார்கள். பேச்சு முடிந்ததும், இனி என் எல்லா வகுப்பிலும் தாம் கூடவே இருக்கப்போவதாக மிஸ் ஹான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. சமாளிப்பேன் என்று இப்போதுதானே சொன்னேன்.

மத்தியானம் சாப்பாட்டு மண்டபத்தில் எவர்சில்வர் தட்டோடு வரிசையில் நின்றோம். சோறு, சூப், கிம்ச்சி. கடைசியில் பொரித்த நெத்திலி, இனிப்பும் உறைப்புமாக, சீனிச் சம்பலுக்குப் பக்கத்து வீட்டுக்காரன் மாதிரி ஒரு ருசி. பரிமாறுகிற அம்மாள் கரண்டி நிறைய அள்ளிக்கொண்டு என்னிடம் ஏதோ கேட்டார். போடட்டுமா என்றுதானே கேட்பார்கள். "ஆமா, ஆமா" என்றேன். அவர் என்னையும் கரண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். அள்ளியதைத் திரும்பக் கொட்டிவிட்டு, என் தட்டில் நாலே நாலு நெத்திலியை வைத்தார். வெளிநாட்டுக்காரிக்கு இவ்வளவுதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் வருகிறேன் என்று வீறாப்பாகச் சொல்லியிருந்தேன். பதுளை பஸ் ஸ்டாண்டில் தனியாக ஏறி இறங்கியவளுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா. முதல் பஸ் வந்தது. படியில் ஒரு காலை வைத்து, பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொல்லி, போகுமா என்று கையால் கேட்டேன். டிரைவர், "நே" என்றார். இறங்கிவிட்டேன்.

பதுளையில் வளர்ந்த யாரும் இறங்கித்தான் இருப்பார்கள். லுணுகலைக்குப் போகுமா என்று கண்டக்டரிடம் கேட்டு, அவர் சிங்களத்தில் "நே" என்றால், போகாது, இல்லை என்று அர்த்தம். அடுத்த பஸ்ஸுக்கு நிற்க வேண்டும். இதை யாரும் சொல்லித் தருவதில்லை, காது தானாகவே கற்றுக்கொள்கிறது. எனக்குத் தந்த கையேட்டில் ஆமாம் என்பதற்கு 'யே' என்று ஒரு சொல் இருந்தது. அதை நான் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். இரண்டாவது பஸ் டிரைவரும் "நே" என்றார். மூன்றாமவர் நான் இறங்கியதைப் பார்த்து, கதவைத் திறந்தபடியே கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுப் போனார். நல்ல மனிதர், இல்லை என்பதைக்கூட எவ்வளவு மரியாதையாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். விரல்கள் மரத்துவிட்டன. நாலாவது பஸ்ஸிலும் அதே கதை நடக்கவிருந்தது. பின்னால் வெங்காயத்தாள் கட்டோடு நின்ற பெண்ணுக்குப் பொறுமை போய், முதுகில் கை வைத்து என்னை உள்ளே தள்ளிவிட்டார். பஸ் நேராகப் பள்ளிக்கூட வாசலில் போய் நின்றது. எனக்காக டிரைவர் வழியை மாற்றியிருப்பார் என்று நினைத்து, அடுத்த நாளிலிருந்து யாரையும் கேட்காமல் அந்தப் பெண் ஏறுகிற பஸ்ஸில் ஏறிக்கொண்டேன்.

முதல் பாடம் பாதி முடிந்திருந்தது. என் வகுப்பில் மிஸ் ஹான் நின்று படிப்பித்துக்கொண்டிருந்தார். மார்க்கரை என் கையில் கொடுத்துவிட்டுப் பின்வரிசையில் போய் உட்கார்ந்தார். ஒரு கொப்பியை விரித்து எழுதத் தொடங்கினார். தாமதமாக வந்ததைத்தான் எழுதுகிறார் என்று தெரிந்தது. தெரிந்தது என்று நான் நினைத்தேன்.

பிள்ளைகள் பதின்மூன்று வயதுக்காரர்கள், சின்ன வயிற்றில் பெரிய சிரிப்பு. என் பெயரை 'யோகா ஸேம்' என்று சுருக்கினார்கள். ஸேம் என்றால் டீச்சர். யோகாவுக்கு அங்கேயும் யோகாதான் பெயர். எப்போது கால்களைத் தூக்கிக் காட்டுவேன் என்று முதல் நாள் முழுக்கக் காத்திருந்தார்களாம். பாடம் மேல், கீழ், பின்னால். டஸ்டரை மேசைக்கு மேலே வைத்தேன், கீழே வைத்தேன், பின்னால் வைத்தேன். விளங்கியதா என்று இங்கிலீஷில் கேட்டேன். எல்லாரும் சேர்ந்து, இழுத்து, பாட்டுப் பாடுகிற மாதிரி, "நே" என்றார்கள்.

சரி, விளங்கவில்லை. முதலிலிருந்து தொடங்கினேன். மறுபடி கேட்டேன். மறுபடி "நே". இவ்வளவு சந்தோஷமாக விளங்கவில்லை என்று சொல்கிற பிள்ளைகளை நான் எங்கேயும் பார்த்ததில்லை. புதன்கிழமையும் அதே டஸ்டர், அதே மேசை. வியாழன் காலை நான் டஸ்டரைத் தூக்கியதும் முன்வரிசையில் ஒரு பெண்பிள்ளை நெற்றியை மேசையில் வைத்துப் படுத்துவிட்டாள். மிஸ் ஹான் எழுதிக்கொண்டே இருந்தார்.

அதோடு அவர் நிற்கவில்லை. ஒவ்வொரு நாள் காலையும் என் மேசையில் அன்றைய பாடத்துக்குப் பயிற்சித்தாள் அச்சடித்து வைத்திருப்பார். பாடத்தை எப்படித் தொடங்கலாம் என்று ஒரு குறிப்பு வேறு. அந்த மாதச் சாப்பாட்டுப் பட்டியலை எடுத்துப் பார்த்தால் அதிலும் சிவப்புப் பேனாவால் அங்கங்கே வட்டம். சாப்பிடுவதற்குமா திருத்தம் என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இது சரியா என்று அவர் கேட்கும்போதெல்லாம், முகத்தில் ஒன்றும் காட்டாமல் "ஆமா" என்று சொல்லிவைத்தேன். அவர் உடனே இன்னும் இரண்டு தாளைச் சேர்ப்பார்.

சனிக்கிழமை அம்மாவோடு வீடியோவில் பேசினேன். பின்னால் உட்கார்ந்து ஒருத்தி கங்காணி மாதிரி எழுதிக்கொண்டே இருக்கிறாள், முப்பது நாளும் இப்படிப் போனால் எனக்கு வகுப்புக் கிடைக்காது என்று கொட்டித் தீர்த்தேன்.

"காலையில ஒனக்கு முன்னாடியே வந்து தாளெல்லாம் அடிச்சு வைக்குதா அந்தப் புள்ள?" என்று கேட்டார் அம்மா.

"ஆமா."

"பாவம், அதுக்கு வீட்டுல வேல வெட்டி ஒன்னும் இல்லையா? கல்யாணம் கட்டிருச்சா?"

நான் என்னைப் பற்றிச் சொல்கிறேன், அம்மா அவளுக்காகக் கவலைப்படுகிறார். எரிச்சலில், "சிக்னல் இல்லம்மா" என்று வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை டவுனில் சந்தை. கத்தரிக்காயும் பச்சை மிளகாயும் வாங்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு வந்தால், தொப்பி போட்ட ஓர் இளைஞன் போனில் சிங்களத்தில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தான். அந்த ஊரில் அந்தத் திட்டு எனக்குத் தேனாக இருந்தது. பேசி முடிக்கும்வரை நின்று, எந்த ஊர் மல்லி என்று, தம்பி முறை வைத்து, சிங்களத்திலேயே கேட்டேன். ஹாலிஎல என்றான். பதுளைக்குப் பக்கத்து ஊர். பெயர் சுமித். பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் ஸ்ட்ரோபெரி வளர்க்கிற தோட்டத்தில் வேலை. நான் டீச்சர் என்றதும் மிளகாய்ப் பையை வாங்கித் தன் கையில் வைத்துக்கொண்டான்.

பஸ் வந்தது. டிரைவரிடம் நான் இறங்கவேண்டிய இடத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டேன். அவர் "நே" என்றார். நான் பின்வாங்கினேன்.

"ஏன் மிஸ் ஏறவில்லை?"

"போகாதாமே மல்லி."

சுமித் என்னைப் பார்த்தான். பிறகு பஸ் படியிலேயே உட்கார்ந்து சிரித்தான். டிரைவர் ஹாரன் அடித்தபிறகுதான் எழுந்து என்னையும் இழுத்துக்கொண்டு ஏறினான். "மிஸ், இங்கே நே என்றால் ஆமாம். நே என்றால் ஏறு."

கொரிய மொழிப் பரீட்சை எழுதித் தேறிவிட்டுத்தான் அவன் அங்கே வந்திருந்தான். அப்படியும் முதல் வாரம் சாப்பாட்டு நேரமா என்று கேட்டு, முதலாளி "நே" என்று சொன்னதும், மற்றவர்கள் சாப்பிட்டு முடிக்கிறவரை தனியாகக் களை பிடுங்கிக்கொண்டிருந்தானாம். "படித்தது மூளைக்குத் தெரியும், மிஸ். காது இன்னும் ஹாலிஎலயில்தான் இருக்கிறது."

அவன் இறங்கிப் போனபிறகு ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு வாரத்தையும் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். மூன்று டிரைவர்களும் ஏறச் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு டஸ்டர் எங்கே இருக்கிறது என்று செவ்வாய்க்கிழமையே தெரிந்திருக்கிறது. தெரியும் என்று அவர்கள் சொல்லச் சொல்ல, நான் மூன்று நாள் அதையே படிப்பித்திருக்கிறேன். நெற்றியை மேசையில் வைத்த அந்தப் பெண்பிள்ளையை நினைத்ததும் எனக்கே என் தலையைக் கொண்டுபோய் ஜன்னலில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

திங்கட்கிழமை காலை மிஸ் ஹானிடம் இதை நானே ஒரு வேடிக்கைக் கதையாகச் சொல்லிவிட்டேன். மறைத்து வைக்கிற பழக்கம் எனக்கு இல்லை. அவர் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். அப்போதுதான் அவர் அவ்வளவு சிரிப்பார் என்பதே எனக்குத் தெரியும். "அப்படியானால் உங்கள் மொழியில் ஆமாம் என்பதற்கு என்ன சொல்வீர்கள்?" என்று கேட்டார்.

"ஆமா" என்றேன்.

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். "ஆமா?"

"ஆமா."

"முதல் நாள் பிரதி அதிபர் கேட்டபோது சொன்னீர்களே, அதுவா?"

"அதேதான்."

அவர் நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். "யோகா ஸேம், எங்கள் மொழியில் அமா என்றால் 'இருக்கலாம்'. தனியாகச் சமாளிப்பீர்களா என்று கேட்டோம். 'சமாளிக்கலாம் போல, பார்ப்போம்' என்று நீங்கள் கொரிய மொழியிலேயே பதில் சொன்னதாக நினைத்தோம். எவ்வளவு அடக்கமானவர் என்று பிரதி அதிபர் பாராட்டினார். தைரியம் வரும்வரை கூடவே இருங்கள் என்று என்னிடம் சொன்னார்."

என்னை அடக்கமானவள் என்று சொன்ன முதல் ஆள் அந்தப் பிரதி அதிபராகத்தான் இருப்பார். எனக்கு நாலு நெத்திலி ஞாபகம் வந்தது. போடட்டுமா என்று கேட்டால், பார்க்கலாம் பார்க்கலாம் என்று இழுக்கிறவளுக்கு அந்த அம்மாள் வேறு எவ்வளவுதான் போடுவார்.

அந்தக் கொப்பியில் என்ன எழுதுகிறீர்கள் என்று நேராகவே கேட்டேன். அவர் கூச்சத்தோடு திறந்து காட்டினார். கொரிய எழுத்து எனக்குத் தெரியாது, அவரே வாசித்துச் சொன்னார். "குரல் நன்றாக இருக்கிறது, கடைசி வரிசைக்கும் கேட்கிறது. பிள்ளைகள் இவருக்குப் பயப்படவில்லை. ஒரே பாடத்தை மூன்று நாள் நடத்தினார். கடைசிப் பிள்ளைக்கும் விளங்கவேண்டும் என்று நினைக்கிறார். எனக்கு இந்தப் பொறுமை இல்லை." சாப்பாட்டுப் பட்டியலில் இருந்த சிவப்பு வட்டங்கள் மாட்டிறைச்சி போடுகிற நாட்கள். சாப்பிட மாட்டேன் என்று கார் பயணத்தில் நான் சொன்னதை நினைவில் வைத்திருக்கிறார். எனக்காகத் தாள்கள் அடிப்பதற்குக் காலையில் ஒரு மணி நேரம் முன்னதாகவே வருவாராம். மகளை எழுப்பிப் பள்ளிக்கு அனுப்புகிற வேலையை அந்த ஒரு வாரம் கணவர் பார்த்தாராம். பின்னல் போடத் தெரியாமல் அவள் தலையை விரித்துவிட்டே அனுப்பினாராம்.

எனக்கு அவமானமாகப் போய்விட்டது. ஒரு வாரம் முழுக்க நான் அவரைத் திட்டித் தீர்த்திருக்கிறேன், அவருக்கு ஒரு சொல்லும் விளங்காத மொழியில். மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்று அவருக்குக் கடைசிவரை புரியவில்லை.

உடனே பிரதி அதிபரிடம் போய் விளக்கிவிடலாம் என்று எழுந்தார். வேண்டாம் என்றேன். நான் சொன்ன ஒரு சொல்லுக்குத்தானே விளக்கம் கொடுக்கலாம், நான் நடத்துகிற பாடத்தை அவர் வந்து பார்க்கட்டும். மாதக் கடைசியில் பெற்றோர் வந்து பார்க்கிற வகுப்பு ஒன்று இருந்தது. அதுவரை தாள் அடிக்க வேண்டாம், மகளுக்குப் பின்னல் போட்டுவிட்டே வாருங்கள் என்று மிஸ் ஹானிடம் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, சரி என்றார்.

அதற்குப் பிறகு என் வகுப்பில் "நே" என்ற பதிலே செல்லாது என்று சட்டம் போட்டேன். விளங்கியதா என்று கேட்டால் செய்து காட்ட வேண்டும். பெற்றோர் வருகிற நாளும் அப்படித்தான் தொடங்கினேன். அவர்கள் வருவதற்குப் பத்து நிமிடம் இருக்கிறது என்று நினைத்து, "கீழே" என்று இங்கிலீஷில் சத்தமாகச் சொன்னேன். அதே நேரம் கதவு திறந்தது. பிரதி அதிபரும் அவர் பின்னால் பத்துப் பன்னிரண்டு பெற்றோரும். வகுப்பில் ஒரு பிள்ளையையும் காணவில்லை. ஒரே ஒரு டீச்சர், சேலை கட்டிக்கொண்டு, வெற்று நாற்காலிகளைப் பார்த்துச் சிரித்தபடி நின்றுகொண்டிருந்தாள்.

வகுப்புப் போய்விட்டது என்றே நினைத்தேன். ஆனால் அங்கே நின்று விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தால் உண்மையிலேயே போய்விடும். "பின்னால்" என்றேன். மேசைகளுக்கு அடியிலிருந்து இருபத்தைந்து பிள்ளைகளும் புற்றீசல் மாதிரிக் கிளம்பி என் முதுகுக்குப் பின்னால் வந்து குவிந்தார்கள். நெற்றியை மேசையில் வைத்துப் படுத்த அந்தப் பெண்பிள்ளை, இடம் போதாமல் பிரதி அதிபருக்குப் பின்னால் போய் ஒளிந்து, "நானும் பின்னால்தான், ஸேம்" என்று இங்கிலீஷில் முழு வாக்கியமாகச் சொன்னாள். பெற்றோர் கைதட்டினார்கள். பிரதி அதிபர் மட்டும் அசையவில்லை, கைகளைக் கட்டிக்கொண்டு பாடம் முடிகிறவரை பார்த்தார்.

வெள்ளிக்கிழமை பாடசாலை விட்டபிறகு எங்கள் இருவரையும் தன் மேசைக்குக் கூப்பிட்டார். முன்னால் ஒரு படிவம் இருந்தது, பேனா மூடி கழன்றிருந்தது. அவர் என்னைக் கேட்கவில்லை. மிஸ் ஹானைப் பார்த்துக் கேட்டார். அந்தக் கேள்வியில் எனக்கு ஒரு சொல் விளங்கியது. 'ஹொன்ஜா'. தனியாக என்று அர்த்தம், அதை மட்டும் தேடிப் படித்து வைத்திருந்தேன்.

மிஸ் ஹான் யோசிக்கவே இல்லை. "நே" என்றார்.

என்னால் முடியும் என்று நானே சொல்லிச் சொல்லித்தான் அதுவரை வந்திருக்கிறேன். இன்னொருவர் சொல்ல, பக்கத்தில் நின்று கேட்டுப் பழக்கமில்லை. கண் நிறைந்துவிட்டது. நல்லகாலம், அது குனிந்து நன்றி சொல்கிற நாடு. நான் கொஞ்சம் கூடுதலாகவே குனிந்து, நிமிர மனமில்லாமல் அப்படியே நின்றேன்.